கட்டிலருகே இருக்கும் துணை
சிறுநீரக நோயாளியின் கணவன் அல்லது மனைவி அறிந்திருக்க வேண்டியவை



2016-ஆம் ஆண்டில் என் கணவரை மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அபிஷேகப் பஞ்சாமிர்தத்தை ஒரு சிறு டப்பாவில் வாங்கிக்கொண்டு, வழியில் ஓர் இளநீரும் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். பல நாட்களாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாமி பிரசாதம் என்றால் மறுக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை. ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டு போன நேரத்தில், மருந்து வண்டியோடு வந்த தமிழ்த் தாதி, "ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க. அதுல என்னென்ன சேர்த்திருக்காங்க?" என்று கேட்டார். வாழைப்பழம், பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று பெருமையோடு அடுக்கினேன். அவர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று, அன்று காலை வந்த இரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார். பொட்டாசியம் 6.2. அது 5-க்குள் இருக்க வேண்டும். மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடக்கூடும் என்றார். நான் ஆசையாகக் கொண்டு போன பஞ்சாமிர்தம், இளநீர் இரண்டிலுமே பொட்டாசியம் மிகுதி.

அன்பு இருந்தால் போதாது, இந்த நோயில் அன்புக்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த வார்டு நடைபாதையில்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு நான் பிறரிடம் கேட்டும், பட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆதலால் மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தின் வேலை சிறுநீர் பிரிப்பது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஒரு கைமுட்டி அளவே உள்ள அந்த உறுப்புகள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் உடலுக்கே திரும்புகிறது. உப்பு, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவைக் காப்பதும், இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், சிவப்பணுக்கள் உண்டாகத் தூண்டும் சுரப்பைத் தருவதும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவதும் அவையே. வேலைத் திறனைக் குறிக்கும் வடிகட்டல் அளவு 15-க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் கட்டம் என்கிறார்கள். அப்போது கால் வீங்கும், மூச்சு வாங்கும், உடல் அரிக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், சோற்றைக் கண்டாலே குமட்டும்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவே காரணம். என் கணவருக்கும் அதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவருடைய சர்க்கரை அளவு தானாகவே இறங்கத் தொடங்கியது. இன்சுலினைக் குறைக்க வேண்டியதாயிற்று. விரதமும் நடைப்பயிற்சியும் பலன் கொடுத்துவிட்டன என்று நான் மகிழ்ந்தேன்; உறவினரிடம் சொல்லியும் திரிந்தேன். உண்மை வேறு. உடலில் இன்சுலினைக் கரைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிறுநீரகம் தளரும்போது போட்ட இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. அதனால்தான் சர்க்கரை இறங்கியது. நீண்டகால நீரிழிவுக்காரர் ஒருவருக்குக் காரணமின்றிச் சர்க்கரை குறைந்தால், மகிழ்வதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் சிறுநீரகப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள்.

இனி வார்டுக்கு வருகிறேன். அந்த முதல் வாரத்தில் அவர் என்னைப் பார்த்து, இறந்துபோன தம் தாயாரின் பெயரைச் சொல்லி அழைத்தார். தாதியைத் திட்டினார். முப்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் அவர் வாயிலிருந்து வராத சொற்கள் அவை. கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் சேர்ந்து மூளையை மந்தமாக்குவதால் வரும் குழப்பம் அது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கிச் சில நாட்களில் தெளிந்துவிட்டார். தாம் பேசியது எதுவும் அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் குழப்பமான நாட்களில்தான் மருத்துவர் என்னிடம் கேட்டார்: "டயாலிசிஸ் செய்துகொள்ள இவர் விரும்புவாரா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளின் கல்வி, வீட்டுக் கடன், கோயில் உபயம் என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். இதைப் பேசியதே இல்லை. அவசரம் என்பதால் தொடங்கச் சொன்னேன்; தெளிந்த பிறகு அவரிடமே கேட்டுத் தொடர்ந்தோம். வயது முதிர்ந்து வேறு நோய்களும் உள்ளவர்களில் சிலர் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, வேதனையைத் தணிக்கும் சிகிச்சையோடு இருக்கிறார்கள். அதுவும் மருத்துவர்கள் ஏற்கும் வழியே. உங்கள் வீட்டில் சிறுநீரக நோய் நான்காம் கட்டத்தில் இருந்தால், பேச்சு தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று தள்ளாதீர்கள்.

முதல் டயாலிசிஸுக்குக் கழுத்து நரம்பில் தற்காலிகக் குழாய் வைத்தார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். முதல் நாள் இரண்டு மணி நேரம்தான். கழிவை ஒரேயடியாக எடுத்தால் மூளை தாங்காது என்பதால் மெல்லத் தொடங்குவார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று நிலைக்கும். அந்தக் கழுத்துக் குழாயில் தண்ணீர் படக்கூடாது. காய்ச்சலோ குளிர்நடுக்கமோ கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தலைக்குக் குளிக்காமல் கோயிலுக்கு எப்படிப் போவது என்று இவர் வருந்தினார். விபூதியை நான் கொண்டு வந்து பூசினேன்.

துணையாக இருப்பவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒரு நோட்டுப் புத்தகம். மருத்துவர்கள் காலையில் வந்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போவதை நோயாளி மறந்துவிடுவார்; நாமும் பதற்றத்தில் பாதியை விட்டுவிடுவோம். தேதி, உடல் எடை, குடித்த நீர், வெளியேறிய சிறுநீர், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றை நாள்தோறும் குறித்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். மருந்துப் பட்டியலையும் எழுதி வைத்தேன். மூட்டு வலிக்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளைப் பற்றி அவர் மருத்துவரிடம் மூச்சு விடவில்லை. நான்தான் சொன்னேன். அவ்வகை மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்குக் கேடு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பார்க்க வந்த ஓர் உறவினர் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார். சிறுநீரகக் கல்லுக்கு நம்மவர் குடிப்பது அது. செயலிழந்த சிறுநீரகத்துக்கு அதுவும் பொட்டாசியச் சுமையே. மனம் நோகாமல் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். இலேகியம், கஷாயம் எதுவானாலும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கை. நீண்டகால டயாலிசிஸுக்கு முழங்கையிலோ மணிக்கட்டிலோ ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துச் சிறு அறுவை செய்வார்கள். ஃபிஸ்டுலா என்பர். தமனியின் வேகத்தில் சிரை பருத்து, தடித்த ஊசிகளைத் தாங்கும் வலிமை பெறச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். இந்த முறையை நியூயார்க் மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்டார்கள். 1943-இல் நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை உருவாக்கியிருந்தும், ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால் அது சில நாள் சிகிச்சையாகவே இருந்தது. 1960-இல் சியாட்டலில் ஸ்கிரிப்னர் என்பவர் கையிலேயே நிலையாக இருக்கும் குழாயைப் பொருத்திய பிறகே, மாதங்களும் ஆண்டுகளும் வாழ வழி பிறந்தது. நம் நாட்டில் பேராசிரியர் கூ ஊன் டெக் 1969-இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஆக, நம் தந்தையார் காலத்தில் இந்நோய் கண்டவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

எந்தக் கையில் ஃபிஸ்டுலா வரப்போகிறதோ, பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கை, அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது. ஒரு நாள் அதிகாலை, புதியவர் ஒருவர் இவருடைய இடக்கையில் ஊசி போட வந்தார். இவர் அரைத் தூக்கத்தில் கையை நீட்டிவிட்டார். நான் தடுத்தேன். அன்றே ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, தாதியின் அனுமதியோடு தலைமாட்டில் ஒட்டினேன். கணவருக்காகக் குரல் உயர்த்த நம் பெண்கள் தயங்குகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம். அறுவைக்குப் பிறகு அந்தக் கையில் கைக்கடிகாரம், இறுக்கமான சட்டைக் கை, காப்பு எதுவும் ஆகாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கவும் கூடாது. காலையும் மாலையும் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு ரீங்காரம் தெரியும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றுக்குள் மென்குழாய் வைத்து, வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை இரண்டு லிட்டர் போலத் திரவத்தை இறக்கி வடிக்கும் முறையும் உண்டு. இரவில் தூங்கும்போது இயந்திரமே செய்வதும் உண்டு. வேலைக்குப் போவோருக்கு அது வசதி. ஆனால் கை சுத்தம் சற்றும் பிசகக்கூடாது; வடியும் திரவம் கலங்கலாக வந்தால் கிருமித் தொற்று என்று பொருள். இவருக்குப் பார்வை மங்கல், எனக்குக் கை நடுக்கம். ஆகவே நிலையத்துக்குப் போவதையே தேர்ந்துகொண்டோம்.

இனி சமையலறை. முப்பது ஆண்டுச் சமையலை நான் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. உப்பு குறைய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், உடனடி மீ எல்லாம் உப்புதான். உப்பு கூடினால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் நீர் சேரும். நான் செய்த தவறு, பேரங்காடியில் 'சோடியம் குறைந்தது' என்று போட்டிருந்த உப்பை வாங்கியது. அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு நல்லதே; இவர்களுக்கு ஆபத்து. உருளைக்கிழங்கு போன்றவற்றைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். கீரைச் சாறு, தக்காளி ரசம், ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றில் கவனம் வேண்டும். நட்சத்திரப் பழத்தை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதிலுள்ள நச்சு சிறுநீரக நோயாளிகளுக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரையும் பறித்திருக்கிறது. பால், பருப்பு, கொட்டை வகைகளில் பாஸ்பரஸ் உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், பிறகு சாப்பிட்டுப் பயனில்லை. அதே வேளையில் டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் புரதம் வேண்டும். மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் கொடுத்து என் கணவரை எலும்பும் தோலுமாக ஆக்கிய பழியும் எனக்கு உண்டு. உணவு ஆலோசகர் ஒருவர் நம் சமையலை வரி வரியாகக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார். அவரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கடினம். முந்தின நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவரவர் அளவை மருத்துவர் சொல்வார். காப்பி, ரசம், மோர், ஐஸ் கட்டி எல்லாம் அந்தக் கணக்கிலேயே வரும். ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ எடை. சிங்கப்பூர் வெயிலில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கொடுமை என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் கண்காணிப்பில் இறங்கினேன். தம்ளரை அளந்தேன். மகன் வீட்டுக்குப் போனால் மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். விருந்தில் எல்லார் முன்னாலும் அவர் கையிலிருந்த பானகத்தைப் பிடுங்கினேன். அன்று இரவு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நீ எனக்குப் பொண்டாட்டியா, சிறை வார்டனா?" என்று கேட்டார். நான் பதில் பேசவில்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. யாருக்காக இத்தனையும் என்று. டயாலிசிஸ் தாதி ஒருவர்தான் வழி சொன்னார். காலையில் அன்றைய நீரை ஒரு போத்தலில் அவரையே ஊற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; எடையையும் அவரே பார்த்து எழுதட்டும்; நீங்கள் கேட்காதீர்கள் என்றார். முதல் வாரம் என் வாயை அடக்கியது பெரிய விரதமாகவே இருந்தது. இரண்டு முறை எடை ஏறியது. மூச்சு வாங்கியபோது அவருக்கே புரிந்தது. பிறகு அவரே ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்ளவும், காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் குடிக்கவும் கற்றுக்கொண்டார். நோய் அவருடையது, கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் மிகுதி. எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, 'நான் உனக்குப் பாரம்' என்ற பேச்சு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கணவன் மனைவி உறவிலும் மாற்றம் வரும். நம்மவர் பேச வெட்கப்படும் அதையும் மருத்துவர் முன் கேட்கலாம்.

செலவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வாரத்திலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துவிடுங்கள். 2015-இல் வந்த மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், வருமானத்துக்கேற்ற கழிவுகள், இவை போதாதவர்களுக்கு 1993-இல் அமைத்த மெடிஃபண்ட் என்று பல படிகள் உண்டு. மலேசிய அன்பர்களில் தகுதியுள்ள சந்தாதாரர்களுக்கு பெர்கேசோவின் டயாலிசிஸ் உதவி உண்டு. கையில் காசு தீர்ந்த பிறகு கேட்பவர்களே நம்மில் அதிகம். உதவ விரும்பும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: நன்கொடை வழங்குவதோடு, ஒரு பிற்பகல் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனைவியை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வையுங்கள். எனக்கு அப்படி ஒருவர் செய்தார். அந்த மூன்று மணி நேரத் தூக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் முதல் சிறுநீரக மாற்று 1970 ஜூலையில் நடந்தது. இறந்தவர் சிறுநீரகத்துக்குப் பல ஆண்டு காத்திருக்க நேரும். உயிருடன் இருப்பவர் தருவதானால், இரத்த சம்பந்தம் இருந்தால்தான் பொருந்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கணவனோ மனைவியோ கொடுத்த சிறுநீரகங்களில் 85 விழுக்காடு மூன்று ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்தன. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் அது 70 விழுக்காடே. இதைப் படித்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். கொடுப்பவர் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பணத்துக்காகவும் இன்றிக் கொடுக்கிறாரா என்று நெறிமுறைக் குழு ஒன்று விசாரித்த பிறகே இங்கு அனுமதி உண்டு. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலைக்கூட மனத்தில் தயார் செய்தேன்.

குழுவரை போகவில்லை. முதற்கட்டப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.9 விழுக்காடு என்று வந்தது. 6.5 தொட்டாலே நீரிழிவு. இரண்டு ஆண்டுகளாக அவருடைய ஒவ்வோர் எண்ணையும் நோட்டில் எழுதியவள், என் இரத்தத்தை ஒரு முறையும் பரிசோதிக்கவில்லை. அவர் மீதம் வைத்ததைச் சாப்பிட்டு, கட்டிலருகே நாற்காலியில் தூங்கி, சஷ்டி விரதத்தையும் விடாமல் இருந்து, என்னை நானே கவனிக்காமல் விட்டிருந்தேன். என் சிறுநீரகத்தை நான் அவருக்குக் கொடுக்க முடியாது. இனி அதை எனக்காகவே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மகன் முன்வந்தான். இவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். நான் சண்டை போட்டேன். பெற்றுக்கொள்பவருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அதை ஏற்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

இப்போது திங்கள், புதன், வெள்ளியில் அவருக்கு டயாலிசிஸ். புறப்படுமுன் அவர் எடை பார்க்கிறார். நான் என் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். பிறகு அவர் இடக்கையை நீட்டுகிறார். விரல் வைத்து ரீங்காரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் அங்கே இருக்கும் நான்கு மணி நேரத்தில் நான் கோயிலுக்குப் போய்வருகிறேன். பஞ்சாமிர்தம் கிடைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, உணவு ஆலோசகர் அனுமதித்த அளவில், விரல் நுனியில் ஒரு சொட்டு மட்டும் அவருக்கு வைக்கிறேன். அவரும் ஒவ்வொரு வாரமும் தவறாமல், "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்.